கடைசிப் பந்திக் கோட்பாடு: தலைமுடி உதிர்வு குறித்த ஓர் ஆய்வுரை

தமிழுலகின் மிகப் புகழ்பெற்ற ஆய்வுச் சண்டை முடியைப் பற்றியது. பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையா செயற்கையா என்று பாண்டியனுக்கு ஐயம் வந்தது, பொற்கிழி தொங்கியது, தருமி வந்தான், நக்கீரர் குற்றம் கண்டார், நெற்றிக்கண் திறந்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைச் சுற்றித் திருவிளையாடல் கதை இப்படி வளர்ந்தது. இவ்வளவு அமளியிலும் அவையில் ஒருவரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுண்டு: அந்தக் கூந்தல் எதைத் தின்று வளர்ந்தது? மணத்தை விசாரித்த சங்கம் சமையற்கட்டை விசாரிக்கவில்லை. அந்த மரபு இன்றுவரை மாறவில்லை. முடி கொட்டினால் கண்ணாடி, சீப்பு, தலையணை உறை, குளியலறைச் சல்லடை, எண்ணெய்ப் புட்டி என்று தேடுகிறோமே தவிர, நம் விசாரணை கழுத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. ஆய்வுலகின் இந்த நெடுநாள் குறையை நீக்கும் பொருட்டு ‘கடைசிப் பந்திக் கோட்பாடு’ இங்கே முன்வைக்கப்படுகிறது.

கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டாருக்கு முதல் பந்தி. தலைவாழை இலை, இரண்டு பாயசம், கேட்பதற்குள் வந்து நிற்கும் மறுசோறு. பந்தல் போட்டவரும் வண்டி ஓட்டி வந்தவரும் உட்காரும்போது மணி மூன்றாகியிருக்கும். அப்பளம் நொறுங்கியிருக்கும், கூட்டு அடிப்பிடித்திருக்கும். உடல் என்னும் கல்யாண வீட்டில் மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவை சம்பந்திகள். முடிக்குக் கடைசிப் பந்தி. இதில் அநீதி ஏதும் இல்லை. மூளைக்குச் சில நிமிடம் இரத்தம் நின்றால் ஆள் இல்லை. முடி மொத்தமும் போனாலும் ஆள் இருப்பார், தொப்பி வாங்குவார். சிக்கல் என்னவென்றால், கடைசியில் உட்காரும் இந்த விருந்தாளியும் லேசுப்பட்ட சாப்பாட்டுக்காரர் அல்ல. முடியின் வேர்க்காலில் உள்ள செல்கள் உடலிலேயே மிக வேகமாகப் பெருகுபவற்றுள் சேர்ந்தவை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் புற்றுநோய் மருந்துகளால் முடி கொட்டுவது இதனால்தான். தலையில் சுமார் 1,00,000 முடிகள். வளரும் முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. நீள்கிறது. பெருக்கிப் பார்த்தால் ஒரு தலை மாதந்தோறும் 1 கி.மீ. நூல் நூற்கிறது. ஆண்டுக்கு 12 கி.மீ.; மெரினாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பும் தூரம். இத்தனை நூலுக்கும் பஞ்சு, சம்பந்திகள் சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து வர வேண்டும்.

இதற்கு முதற்சான்று மொழி. முடிக்குத் தமிழில் கூந்தல், குழல், ஓதி, கதுப்பு என்று ஏராளமான பெயர்கள் இருந்தும், பயனற்ற ஒன்றைத் தெருவில் ஏச வேண்டிய வேளையில் வாய்க்கு வருவது அதன் பொதுப்பெயர்தான். உடல் முடிக்குக் கொடுத்திருக்கும் மதிப்பீட்டை மொழி அப்படியே படியெடுத்திருக்கிறது. வள்ளுவரும் மானம் என்னும் அதிகாரத்தில், நிலை தாழ்ந்தவரைத் தலையிலிருந்து விழுந்த மயிருக்கு ஒப்பிட்டார். அதே அதிகாரத்தில் மயிர் போனால் உயிர் வாழாத கவரிமாவையும் காட்டினார். உடலியலின்படி மனிதர் முதல் குறளைச் சேர்ந்தவர். கண்ணாடி முன் நிற்கையில் இரண்டாவதைச் சேர்ந்தவர். இரண்டாம் சான்று ‘சவலை’ என்னும் சொல். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததால் தாய்ப்பாலை இழந்து மெலிந்த குழந்தையைச் சவலைப் பிள்ளை என்றனர். 1935-இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கரையிலிருந்து ‘குவாஷியோர்கர்’ என்னும் நோயின் பெயரை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார். அங்குள்ள கா மொழியில் அதன் பொருளும் அடுத்த பிள்ளையால் இடம் இழந்த குழந்தையின் நோய் என்பதே. புரதம் குறைந்த அக்குழந்தைகளின் முடி மெலிந்து செம்பட்டையாகிறது. நடுவே சிலகாலம் நல்ல சாப்பாடு கிடைத்தால் அந்த நீளம் மட்டும் கருப்பாகி, முடி பட்டை பட்டையாகத் தெரியும். கடைசிப் பந்திக்கு எந்த மாதம் என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு இழையும் எழுதிவைத்திருக்கும் கணக்குப் புத்தகம் அது.

மூன்றாம் சான்றுதான் கோட்பாட்டின் உயிர்நாடி: காலதாமதம். ஒரு முடி இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்கிறது. பின்பு ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு உதிர்கிறது. எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10,000 முடிகள் இந்த ஓய்வில் இருக்கும். நூறு நாளில் பத்தாயிரம் என்றால் நாளொன்றுக்கு நூறு. ஆகவே சீப்பில் எண்பது முடியை எண்ணிவிட்டு அழுபவர் நியாயமாக இருபது பாக்கி கேட்க வேண்டியவர். பெரிய காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பட்டினி போன்ற நெருக்கடி வந்தால் உடல் செலவைக் குறைக்கிறது. வளர வேண்டிய முடிகள் கூட்டமாக ஓய்வுக்கு அனுப்பப்படுகின்றன. அவை விழுவதோ இரண்டு மூன்று மாதம் கழித்து. ஐப்பசி மழையில் டெங்கு வந்தவருக்குத் தை மாதம் முடி கொட்டும். அதற்குள் அவர் விடுதி மாறியிருப்பார், ஷாம்பு மாற்றியிருப்பார், ஹெல்மெட் வாங்கியிருப்பார். பழி போர் தண்ணீர் மேல் விழும், கொசு தப்பித்துவிடும். பிள்ளை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீடுகளில் சொல்வதும் இவ்வகையே. கருவுற்ற காலத்தில் ஹார்மோன்கள் உதிரவிடாமல் பிடித்துவைத்த முடியெல்லாம் பேற்றுக்குப் பின் மூன்று மாத அளவில் சேர்ந்து விழுகிறது. பிள்ளை சிரிக்கக் கற்றுக்கொள்வதும் அப்போதுதான். பாட்டிமார் நாளைச் சரியாகக் குறித்தார்கள். குற்றவாளியை மட்டும் மாற்றிப் பிடித்தார்கள்.

இனிச் சமையற்கட்டு. முடி பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதம். நம் தட்டிலோ சோறு மலை, குழம்பு ஆறு, பருப்பு வெறும் பொட்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த உடலில் முதல் பந்திக்கே பற்றாக்குறை. இந்த நிலையில் முருங்கைக்கீரைப் பொரியலைச் சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீயும் குடித்தால், கீரையின் இரும்பில் பெரும்பகுதியை உடலுக்குள் ஏறவிடாமல் டீ தடுத்துவிடுகிறது. எலுமிச்சம்பழச் சாறு பிழிந்திருந்தால் ஏற்றியாவது விட்டிருக்கும். கல்யாணப் புடவைக்கு உடம்பைச் சரிசெய்ய மூன்று மாதம் முன்பே பட்டினி தொடங்கும் மணப்பெண்ணுக்கு, கோட்பாட்டின் கணக்குப்படி, முடி கொட்டத் தொடங்கும் நாள் முகூர்த்த நாளாக அமையும். சவுரிக்காரருக்கு நல்ல காலம். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் குறைவாக வேலை செய்தாலும் முடி கொட்டும். மனக்கவலையும் தப்பவில்லை. 2021-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன் எலிகளின் முடிவேர்களை நெடுங்காலம் உறங்கவைப்பதைக் காட்டினார்கள். முடி போகிறதே என்று கவலைப்படுவதால் முடி போகும் என்னும் சுழலுக்கு எலிகள் சாட்சி சொல்லிவிட்டன.

அஃதேல், தண்டால் எடுத்து, பால் குடித்து, நோய் நொடியின்றி வாழும் பயில்வான்களுக்கு வழுக்கை விழுவதும், நாள் முழுதும் புகையும் பரோட்டாவுமாகத் திரிபவருக்கு அடர்ந்த சுருள்முடி இருப்பதும் என்னை எனின், இது வலுவான தடை, ஒதுக்கிவிட முடியாது. விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று ஹிப்போக்கிரட்டீசே குறித்திருக்கிறார். அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் ஆண் ஹார்மோன் இன்றிப் பொது வழுக்கை இல்லை என்று நிறுவினார். ஹார்மோனோடு பரம்பரை வாகும் சேர வேண்டும். அத்தகைய தலையில் முடிவேர் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போகிறது. நம் மொழியில் சொன்னால் அங்கே சோற்றுக்குப் பஞ்சமில்லை, இலைதான் பந்திக்குப் பந்தி சிறிதாகிறது. கட்டைவிரல் அகல இலையில் யார் வந்து பரிமாறினாலும் எவ்வளவு விழும்? ஆகவே பயில்வானின் வழுக்கை எம் கோட்பாட்டை உடைக்கவில்லை; அதன் எல்லைக்கல்லை நடுகிறது. வட்ட வட்டமாக விழும் புழுவெட்டும் எல்லைக்கு அப்பாற்பட்டதே. அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை, உடலின் காவற்படை சொந்த முடிவேரையே எதிரி என்று அடிக்கிறது. இவ்விரண்டுக்கும் தோல் மருத்துவரே கதி. நல்ல உடம்பு நல்ல முடிக்குத் தேவை. அது மட்டுமே போதும் என்று இக்கட்டுரை எங்கும் சொல்லவில்லை.

எண்ணெய் தேய்த்து வளர்ந்த தலைமுறைகள் பொய்யா என்பது அடுத்த தடை. பொய்யல்ல. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் புகுந்து, அலசும்போது புரதம் கரைவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தத் திறம் இல்லை. ஆனால் தண்டு ஏற்கெனவே வளர்ந்து முடிந்த, உயிரற்ற பொருள். கஞ்சி போட்டால் வேட்டி விறைக்கும், நீளாது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் இப்படியே. மழிப்பதால் முடியின் தடிமனும் மாறவில்லை, வளர்ச்சி வேகமும் மாறவில்லை என்று மில்ட்ரெட் டிராட்டர் 1928-இலேயே அளந்து சொல்லிவிட்டார். கூரிய நுனி போய் மொட்டை நுனி முளைப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது. குழந்தைக்கோ பிறப்பு முடி உதிர்ந்து அடுத்த முடி வரும் பருவத்தில்தான் மொட்டை போடுகிறோம். தானாக வர இருந்த கூட்டத்துக்குக் கட்சிக்காரர் கணக்குக் காட்டுவது போலத்தான் அதுவும். பழனிக்கும் திருப்பதிக்கும் முடி கொடுப்பது வேண்டுதல். அதை உரமாகக் கருதுவது அந்த வேண்டுதலுக்கே இழுக்கு.

அற்றேல், கடைசிப் பந்திக்கும் மிஞ்சும் அளவுக்கு மாத்திரையாகக் கொட்டிவிடலாமே எனின், அதுவும் அற்றன்று. வயிறு நிறைந்த விருந்தாளியின் இலையில் பாயசத்தை மேலும் ஊற்றினால் அது வேட்டியில்தான் வழியும். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் மிகுந்தால் முடி கொட்டவே செய்யும். முடிக்காக விற்கும் பயோட்டின் மாத்திரையின் கதை இன்னும் சுவையானது. சாதாரணமாகச் சாப்பிடுபவருக்கு அந்தச் சத்து குறைவது அரிது. கூடுதலாக விழுங்கினால் அது சில இரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. தைராய்டு பரிசோதனையும் அவ்வாறு குழம்பக்கூடியது. முடி கொட்டுகிறதே என்று மாத்திரை வாங்கியவர், முடி ஏன் கொட்டுகிறது என்று காட்ட வேண்டிய சீட்டையே பொய் சொல்ல வைக்கிறார். தேவை அளவான தட்டு: பருப்போ முட்டையோ மீனோ சுண்டலோ ஒவ்வொரு வேளையும், கீரை, ஒரு நெல்லிக்காய், டீக்கு ஒரு மணி நேர இடைவெளி, நேரத்துக்குத் தூக்கம், சந்தேகம் வந்தால் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும். இதில் ஒன்றையும் புட்டியில் அடைத்து விளம்பரம் செய்ய முடியாது. கோட்பாடு இதுவரை புகழ் பெறாததற்கு அதுவே காரணமாகலாம்.

இறுதியாக ஆய்வுமுறை பற்றி ஒரு குறிப்பு. நெருக்கடியால் விழுந்த முடி, நெருக்கடி தீர்ந்தால் சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைக்கிறது. அந்த நேரத்தில் கையில் எந்தப் புட்டி இருக்கிறதோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெங்காயச் சாறு என்று தெருவுக்கு ஒரு வெற்றிக்கதை உலவுவதன் இரகசியம் இதுவே. உண்மைக் காரணம் அறிய விரும்புபவர் கண்ணாடியை விட்டுவிட்டுக் காலண்டர் முன் நின்று மூன்று மாதம் பின்னால் போக வேண்டும். இதற்குத் தினசரித் தாள் கிழிக்கும் காலண்டர் உதவாது. சாட்சியத்தை நாமே நாள்தோறும் கிழித்துக் கசக்கிப் போட்டிருப்போம். பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் குறித்த மாதக் காலண்டரே சிறந்தது. அதில் எந்தக் கட்டத்தில் காய்ச்சல் வந்தது, எந்த வாரம் இராச்சாப்பாடு நின்றது, எந்த மாதம் தூக்கம் கெட்டது என்று தேடிப் பார்க்கலாம். பந்தியிலிருந்து பசியோடு எழுந்து போனவர் அங்கேதான் தம் குறையைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.