ஷிப்ட் அப்பா

காலை ஒன்பது மணி. ஊரில் மற்ற அப்பாக்களெல்லாம் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்ட நேரத்தில், நெய்வேலி டவுன்ஷிப்பின் ஏதோ ஒரு வட்டத்தில், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் கொய்யா மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நாலு வயது வாரிசு, ஒழுகும் மூக்கோடு. எதிர்வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு, 'ஆளுக்கு வேலைவெட்டி இல்லையோ' என்று சந்தேகம் தட்டும். வேலை இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

இவர்தான் ஷிப்ட் அப்பா. நெய்வேலியில் இது ஒரு தனி இனம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஆர்ட்டீசியன் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சுரங்கத்தின் தரையையே தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். வெட்டிய கரியையும் மாதக்கணக்கில் குவித்து வைக்க முடியாது. நாள்பட்டால் தானாகவே புகைந்து பற்றிக்கொள்ளும் ரகம் அது. ஆகவே பம்பு ஓடுகிறது, மின் நிலையத்துப் பாய்லர் எரிகிறது, ஆட்கள் மூன்று ஷிப்டாக மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மற்ற ஊர்க் குழந்தைக்கு அப்பா என்றால் சாயங்காலம் வருகிறவர். இந்த ஊர்க் குழந்தைக்கு அவர் ஒரு வாரம் பகலில் கிடைப்பார், மறுவாரம் தூங்கும்போது வருவார். நாள் கிழமை சொல்லத் தெரியாத வயதிலேயே, "எங்கப்பாவுக்கு இன்னிக்கு செகண்ட்" என்று பிள்ளை பிசகாமல் சொல்லிவிடும்.

இந்தச் சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. கம்பெனி பதிவானது 1956 நவம்பர் 14-ஆம் தேதி. நேரு பிறந்த நாள், குழந்தைகள் தினம். தற்செயல்தான். ஷிப்ட் அப்பா அப்படி விட்டுவிடுவாரா? "கம்பெனிக்கும் பசங்களுக்கும் ஒரே பர்த்டே சார்" என்று, தானே முகூர்த்தம் குறித்துக் கொடுத்தவர் போலச் சொல்வார்.

நைட் ஷிப்ட் வாரத்தில்தான் அவருடைய கற்பனை உச்சத்துக்குப் போகிறது. தூக்கம் வேண்டும், பிள்ளையோ விளையாடக் கூப்பிடுகிறது. இரண்டையும் சமாளிக்க, படுத்துக்கொண்டே ஆடக்கூடிய ஆட்டங்களாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். டாக்டர் விளையாட்டில் அவர் எப்போதும் பேஷண்ட், அதுவும் கோமாவில் இருக்கும் பேஷண்ட். ராஜா கதையில் அவர் தூங்கும் பூதம். குப்புறப் படுத்தால் முதுகுதான் நெய்வேலி–வடலூர் சாலை. பொம்மை பஸ் கழுத்திலிருந்து இடுப்பு வரை போய்த் திரும்பும். எல்லாவற்றிலும் மேலானது மலையேறும் விளையாட்டு. பிள்ளை முதுகின் மேல் ஏறி நின்று மெல்ல மிதித்து நடக்க வேண்டும். எட்டு மணி நேரம் இரும்புப் படிகளில் ஏறி இறங்கிய உடம்புக்கு அது ஒத்தடம், பிள்ளைக்கு எவரெஸ்ட். காசு கொடுத்தாலும் இத்தனை அக்கறையாக மிதிக்க ஆள் கிடைக்காது.

எழுந்துவிட்டாரானால் பொறியாளர் விழித்துக்கொள்வார். ஒரு வாளியில் 1,400 லிட்டர் மண் அள்ளும் சக்கர எந்திரத்தின் பக்கத்தில் வேலை பார்க்கிற மனுஷனுக்குச் சின்னதாக யோசிக்க வராது. செருப்பில் அறுத்த சக்கரத்தைச் சுற்றி எட்டு பாட்டில் மூடிகளை ஒட்டினால் பக்கெட் வீல். இரண்டு நூல்கண்டு உருளைகளுக்கு மேல் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினால் கன்வேயர். சுரங்கத்தில் பெல்ட்டின் அகலம் 2,400 மில்லிமீட்டர் வரை. இங்கே இரண்டு விரற்கடை. கச்சாப்பொருள் மட்டும் சமையலறையிலிருந்து வரும்.

"ஏங்க, டப்பாவுல இருந்த ரவை எங்க?"

"ஓவர்பர்டன் எடுத்துட்டிருக்கோம். அடியில கடுகு வெச்சிருக்கேன், அதுதான் கரி."

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் ஓவர்பர்டனை, அதாவது கரியை மூடியிருக்கும் மண்ணை, அப்புறப்படுத்த வேண்டும் என்பதைப் பாடப்புத்தகம் விளக்குவதைவிட, கால் கிலோ ரவைக்கடியில் ஒரு ஸ்பூன் கடுகு நன்றாகவே விளக்கிவிடுகிறது. அன்றைக்கு வீட்டில் உப்புமா கிடையாது என்பதால் பிள்ளைக்கு இரட்டை மகிழ்ச்சி.

எளிய பொம்மையை எளிதாக விட்டுவைக்க மட்டும் அவருக்குத் தெரியாது. கோடையில் நுங்கு வண்டி செய்ய ஆகும் நேரம் ஐந்து நிமிஷம்: சீவி உறிஞ்சிய இரண்டு நுங்குக் கூந்தல், நடுவே ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கொம்பு. இவர் அலைன்மென்ட் பார்ப்பார். அச்சுக்குத் தேங்காயெண்ணெய் விடுவார். இடப்பக்கம் இழுக்கிறது என்று திரும்பக் கழற்றுவார். பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுவதுதான். முதல் ஓட்டத்திலேயே மோதிவிட்டு, "அப்பா, இன்னொண்ணு" என்று வந்து நிற்கும். பிரேக்டவுனுக்குக் காரணம் என்னவென்று அப்பா விசாரணை தொடங்குவார்.

பாதுகாப்பு வேறு. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம் என்றால் ஊருக்கு அது வருடத்தில் ஒரு நாள். இவர் வீட்டில் தினமும். காட்டாமணக்குக் காம்பை ஒடித்துப் பாலில் குமிழி ஊதுவது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பழைய வித்தை. இவர் வீட்டில் அதற்குத் தடை: செடி நஞ்சு, வாயில் பட்டால் வாந்தி. மாற்று ஏற்பாடாகப் பப்பாளி இலைக் காம்பும் சோப்புத் தண்ணீரும் வழங்கப்படும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டையைக் கோலிக்குண்டுக்குப் பதிலாக வைத்து அடித்து ஆடுவார்கள். பச்சைக்கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து புண்ணாகும் என்று அதற்கும் தடை. இந்த இரண்டிலும் அவர் சொல்வது சரிதான் என்பது என் கட்சி. ஆனால் நுங்கு வண்டி ஓட்ட எவர்சில்வர் கிண்ணத்தை ஹெல்மெட்டாகக் கவிழ்த்து விடுவது கொஞ்சம் அதிகம்.

கிண்டல் செய்தாலும் இவருடைய வம்சம் பெரியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-ல் படிப்பை முடித்து, டெல்கோ லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அரவிந்த் குப்தா. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்துக்கொண்டு முக்கோணம், கூம்பு, வீடு என்று பொம்மைகளாகச் செய்து அறிவியல் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். லாரி செய்தவர் தீக்குச்சிக்கு இறங்கினார் என்றால், நம்மவர் டர்பைனிலிருந்து பாட்டில் மூடிக்கு இறங்கியதில் என்ன தப்பு? 1998-ல் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய ஏதாவதொரு செய்முறைப் புத்தகம் இவர் அலமாரியிலும் இருக்கும். பிள்ளைக்கென்று வாங்கியதுதான்; பக்கம் மடித்து வைத்திருப்பவர் இவர்.

ஒரு குறை உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் சுவரில் கைநிழலால் மானும் முயலும் காட்டக் கற்றுக்கொண்டது மின்வெட்டு புண்ணியத்தில். கரண்ட் தயாராகும் ஊரில் அந்தப் பாக்கியம் அபூர்வம். ஷிப்ட் அப்பா தானே எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்து, மெழுகுவத்தி ஏற்றி, முயல் காட்ட வேண்டியிருக்கிறது.

நைட் இல்லாத வாரங்களில் படுக்கைக் கதையும் அவர் பொறுப்பு. கதை ஒன்றுதான்: 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டினார், தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. நடந்த கதை. "அப்புறம் யானை வந்துச்சா?" என்று கேட்டால் முதல் நாள் மறுப்பார். இரண்டாம் நாள் தயங்குவார். ஒரு வாரத்தில் யானை கிணற்றடிக்கு வந்து நின்றுவிடும். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைக்கும் கட்டத்திலும் அது ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும்.

இந்தச் சித்திரத்தில் இருக்கிற கொய்யா மரமும் புழக்கடையும் குவார்ட்டர்ஸ் கிடைத்தவருக்கானவை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுற்றுக் கிராமத்து ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே ஷிப்ட்தான், இதே முதுகுவலிதான். அவர் பிள்ளையும் முதுகில் பஸ் ஓட்டுகிறது. ரவைதான் அங்கே விளையாட்டுச் சாமான் ஆவதில்லை.

மற்றபடி, பொம்மை செய்த பேர் அப்பாவுக்கு. சிந்திய ரவையைக் கூட்டுவது, ஒட்டிய பசையைச் சுரண்டுவது, நாலு வயதுக்காரரைக் காலையெல்லாம் சத்தம் போடாமல் காப்பது எல்லாம் அம்மாவுக்கு. ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிற மனுஷர், வீட்டில் வாயால் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்: "பெல்ட் கொஞ்சம் லூஸா இருக்கு, பாத்துக்க." அடுத்த வாரம் அவருக்கு செகண்ட் ஷிப்ட். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் அவர் பாய்லர் பக்கம் நிற்பார். கன்வேயர் அறுந்தால் அம்மாதான் கட்டித் தர வேண்டும். அம்மா கட்டிக் கொடுத்தது அறுவதில்லை என்று பிள்ளை சொல்கிறது.