வெள்ளையடிக்கிற கணக்கு

அரசுக் குடியிருப்பில் இருந்தவரை அண்ணாச்சிக்கு வீட்டு ஓனர் முகமே தெரியாது. வாடகை சம்பளத்தில் தானாகக் கழிந்துவிடும். ரிட்டயர் ஆனதும் பெருமாள்புரத்தில் தனியார் வீடு பார்க்கப் போனார். பெட்டி படுக்கைக்கு முன்னால் 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தைப் படித்து வைத்திருந்தார். அது 2019 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. வீட்டு ஓனர்களைத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாதாம். கூடவே, ‘வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர’ என்று ஒரு கொல்லைவாசல். பத்து மாத அட்வான்ஸ் அது வழியாகத்தான் உள்ளே வருகிறது.

“ஒப்பந்தத்தை வாடகை அதிகாரிகிட்ட பதியணும்லா?”

“பதிவோம் அண்ணாச்சி. அதுக்குள்ள வேற ஆள் சாவிய வாங்கிட்டுப் போயிட்டாம்னா என்னையக் குத்தம் சொல்லப்பிடாது.”

வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு என்கிறது சட்டத்தின் அட்டவணை. ஆனால் காலிசெய்த வீட்டில் ஓனர் டார்ச் அடித்து ஆணி ஓட்டைகளை எண்ணுகிறார். முருகன் காலண்டர் மாட்டிய ஓட்டைக்கும் தள்ளுபடி கிடையாது. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை கழிவு.

குடியிருப்பவருக்குத் தண்ணீரை நிறுத்தக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் கீழே தொட்டிவரை ஒழுங்காக வருகிறது. மோட்டார் சுவிட்ச் ஓனர் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறது.