கருந்திரையியல்: மந்தாரக்குப்ப மரபை முன்வைத்து

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வருவதில்லை. மடிக்கணினிக்கு நேரும் இந்த நிலை குறித்து உலகெங்கும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். எழுதியவர்கள் எல்லோருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: கருப்பைப் பார்த்துப் பழகாதவர்கள். கருப்பென்றால் எல்லாம் ஒரே கருப்பு என்று நினைத்துவிட்டார்கள். இந்தத் துறையில் வாய் திறக்கும் உரிமை நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தாருக்கே உரியது என்பது எமது துணிபு.

சான்று வேண்டுவோர் நெய்வேலி நிலக்கரியைக் கையில் எடுக்கலாம். அசலூர்க்காரர் பார்த்ததும் "கரி" என்பார். மந்தாரக்குப்பம் பேருந்து நிலையத்தில் நிற்பவரைக் கேளுங்கள். அது பழுப்பு, ஈரத்தில் கருத்துத் தெரியும், காய்ந்தால் வெளிறி உதிரும், எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான் என்று பஸ் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கருப்பாக ஏதோ மேலே வந்தது. "கெணறு கெட்டுப்போச்சு" என்று மூடிவிட்டுப் போயிருந்தால் 1956இல் நெய்வேலி நிறுவனம் ஏது? இது என்ன கருப்பு என்று அவர் விசாரித்தார். கருந்திரையியலின் முதல் ஆசிரியராக அவரைக் கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களை மதர்போர்டுவாதிகள் எனலாம். மூடியைத் திறக்கும் முன்பே, சில சமயம் போனில் விவரம் கேட்டுக்கொண்டே, "மதர்போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க" என்று தீர்ப்புச் சொல்லும் ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள். இவர்கள் கோட்பாட்டின் எளிமையை நாம் மெச்சியே ஆகவேண்டும். ரேம் கழன்றிருந்தாலும் மதர்போர்டு. சார்ஜர் சுவிட்சைப் போட மறந்திருந்தாலும் மதர்போர்டு.

முதல் பாகுபாடு, மின்சாரம் இல்லாத கருப்பு, மின்சாரம் உள்ள கருப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின், தென்மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்பும் கடலூர் மாவட்டம் பல நாள் இருட்டில் கிடந்தது. அந்தக் கருப்புக்கு யாரும் மதர்போர்டைக் குறை சொல்லவில்லை. விளக்கே எரியாவிட்டால் அடாப்டர், பிளக், சுவிட்ச் பாக்ஸ் என்று போகவேண்டும். அது எலக்ட்ரீஷியன் துறை. விளக்கு எரிந்தும் கருத்திருப்பதே நம் ஆய்வுப் பொருள்.

இனி முறையியல். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ஆழ்துளைக் கிணறுகளால் ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து தண்ணீர் மேலே வந்துவிடும். அதன்பின் மேல்மண், வாளிக்கு 1400 லிட்டர் கொள்ளும் ராட்சதச் சக்கரங்கள் அதை அகற்றுகின்றன. நிலக்கரி கடைசியில்தான். 1957 மே மாதம் தோண்டத் தொடங்கி, 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. லேப்டாப்பைக் கடையில் நீட்டிவிட்டு "சாயந்திரம் கெடைக்குமா தம்பி?" என்று கேட்போர் இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்க.

மடிக்கணினியிலும் முதலில் இறைப்பு. சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்த பேட்டரியானால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்து, மின்சாரத்தைப் பங்கிடும் சின்னச் சில்லு பழைய குழப்பத்தை மறந்து புதிதாகத் தொடங்கும். பார்ப்பவர்களுக்கு இது வைத்தியமாகவே தோன்றாது. கடைத் தம்பிகள் வாடிக்கையாளர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து இதைச் செய்வதன் காரணம் அதுவே.

அடுத்து மேல்மண். கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பார்க்கவேண்டும். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே ஆள் இருக்கிறார், வாசல்தான் சாத்தியிருக்கிறது. பிறகு எச்.டி.எம்.ஐ. கேபிளால் வீட்டு டிவியோடு இணைக்கவேண்டும். டிவியில் படம் வந்தால் குற்றம் திரைப்பக்கம் என்று உறுதியாகும். பிறகுதான் எமக்கு மிகவும் பிரியமான டார்ச் சோதனை. அறையை இருட்டாக்கி, திரையின்மீது சாய்வாக டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால், சிலவற்றில் விண்டோஸ் சின்னமும் ஐகான்களும் நீருக்கடியில் தெரிவதுபோல் மங்கலாகத் தெரியும். படம் முழுதாக இருக்கிறது; அதற்குப் பின்னால் எரியவேண்டிய விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது. கருப்புக்குள் பொருள் இருப்பதைக் கண்ட இந்தக் கணத்தில் மதர்போர்டுவாதிகள் காப்பி கேட்டு எழுந்துபோவது வழக்கம். பிரைட்னஸ் விசையை யாரோ கடைசிவரை குறைத்துவைத்த வழக்குகளும் உண்டு. அவற்றில் குழந்தைகளின் பங்கு தனி ஆய்வுக்குரியது.

திரையைப் பாதி மூடினால் படம் வந்து, முழுதும் திறந்தால் மறைவது கீல் வழியே ஓடும் டிஸ்ப்ளே கேபிளின் குற்றம். விண்டோஸ் எழுந்து நின்றபின் திரை கருத்தால், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் வரைகலை டிரைவர் மறுபடி கிளம்பும். பக்கத்துச் சிதம்பரத்துக் கோபுரத்தில் 108 நடனக் கரணங்கள் செதுக்கியிருக்கிறார்கள். இந்த நான்கு விசைப் பிடி அவற்றில் விடுபட்ட ஒன்று.

அரசு லேப்டாப்பைச் சொல்லாமல் நகர முடியாது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அழுத்தியதும் கருப்பில் வெள்ளை எழுத்தாகச் சில வரிகள் தோன்றி, இரண்டில் எது வேண்டும் என்று கேட்டு நிற்கும். கருப்பில் எழுத்திருந்தால் அது கருந்திரையன்று, வினாத்தாள். பிளஸ் டூ பிள்ளை பதில் சொல்லப் பழகிக்கொண்டது. வைரஸ் என்று பயந்த அப்பாக்கள் கடைக்குத் தூக்கி வந்தார்கள்.

காந்தக் கருப்பு அரிதானது, ஆனால் அழகானது. மூடி சாத்தப்பட்டதை ஒரு காந்த உணரி கண்டுபிடிக்கும். காந்தக் கொக்கி வைத்த கைப்பையோ போன் உறையோ அதன்மேலோ ஒட்டியோ கிடந்தால், மூடியாகிவிட்டது என்று நம்பித் திரை அணைந்துவிடும்.

"இங்க வந்தா நல்லா ஓடுது, வீட்டுக்குப் போனா கருப்பாயிடுது தம்பி."

"வீட்ல எங்க வச்சு யூஸ் பண்றீங்கக்கா?"

"டேபிள்லதான். பக்கத்துல என் பை இருக்கும்."

இந்த மூன்று வரி உரையாடலைவிடச் சிறந்த கள ஆய்வை யாம் கண்டதில்லை.

இத்தனைக்கும் அசையாவிட்டால்தான் ஸ்க்ரூ டிரைவர். ரேமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, 'க்ளிக்' என்று திரும்பச் செருகவேண்டும். கடலோர ஈரக்காற்றும் சுரங்கத் தூசியும் கூட்டுச் சேரும் ஊரில் பல வழக்குகள் இங்கேயே முடிகின்றன. ரப்பர் ஐந்து ரூபாய்; தேய்க்கத் தெரிந்ததற்கு முந்நூறு. இந்த விகிதம் நியாயமா என்ற விவாதத்தில் யாம் கடைத் தம்பி பக்கம்.

மிஞ்சிய சிலவற்றில் சித்தப்பாவே ஜெயித்துவிடுவார். உண்மையாகவே மதர்போர்டு. அப்போது வீட்டார் கேட்பது கருவியை அன்று, உள்ளே இருக்கும் கல்யாணப் போட்டோவை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும்.

"அதெல்லாம் பையன்தான் போட்டான். அவன் துபாய்ல இருக்கான்."

"போன் போடுங்கண்ணே, நான் எழுதிக்கிறேன்."