பால்மரத்தின் மேல் அறுநூறு கிலோ

நான்கடி மீன்தொட்டி வாங்கப்போகிறேன். வீட்டில் பழைய டிவி மேசை திடமாகத்தான் இருக்கிறது. அதன் மேலேயே வைத்துவிடலாமா?
– வாசகர், ரந்தாவ்

வேண்டாம் ஐயா. கணக்குப் பாருங்கள். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 16 கன அடி. தண்ணீர் மட்டுமே 450 லிட்டர், அதாவது 450 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறக்குறைய 90 கிலோ. மணலும் கல்லும் சேர்ந்தால் 600 கிலோ ஆகிவிடும். எட்டுப் பெரிய ஆட்கள் இரவும் பகலும் ஏறி நிற்பதற்குச் சமம். டிவி மேசையின் பலகை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்தது. ஓரத்தில் ஒருமுறை தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், உப்பிய இடத்தில் திருகாணி பிடிக்காது. டிவி அங்கேயே இருக்கட்டும். தொட்டிக்குத் தனி ஸ்டேண்ட் செய்யுங்கள்.

நாலுக்கு நாலு அங்குலக் கால் போட வேண்டும் என்கிறான் மகன். இரண்டுக்கு நாலு போதும் என்கிறார் மரக்கடைக்காரர். யார் சொல்வது சரி?
– வாசகர், பகாவ்

கடைக்காரர். மரத்தின் நார் போகும் திசையிலேயே கனம் இறங்கினால், இரண்டரை அடி உயரமுள்ள ஒரு இரண்டுக்கு நாலு கால் நசுங்குவதற்குப் பல டன் வேண்டும். மகன் கவலைப்பட வேண்டிய இடம் கால் அல்ல, மூட்டு. பலர் மேல்சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் ஒட்டவைத்து, இரண்டு திருகாணியை முடுக்கி விட்டுவிடுகிறார்கள். அப்போது 600 கிலோவையும் தாங்குவது மரம் அல்ல, அந்தத் திருகாணிகள். சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். தொட்டியின் கனம் மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கித் தரைக்குப் போக வேண்டும். திருகாணியின் வேலை சட்டம் நகராமல் பிடித்திருப்பது மட்டுமே. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றுதான். இதைச் சரியாகச் செய்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மேல்சட்டத்துக்குக் கட்டையைப் படுக்க வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா?
– அதே வாசகர்

நிமிர்த்தி. படுத்த நிலையைவிட நிமிர்ந்த நிலையில் இரண்டுக்கு நாலு கட்டை நான்கு மடங்கு விறைப்பு. இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள்: அடிக்கு அடி ஒரே கனம் இருந்தால், இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள தூரம் இரட்டிப்பாகும்போது சட்டத்தின் வளைவு பதினாறு மடங்காகும். அதனால் ஆறடித் தொட்டிக்கு முன்னும் பின்னும் நடுக்கால் போட்டே ஆக வேண்டும். கண்ணாடி வளைந்து கொடுக்காது, ஒரு நாள் ஓரத்தில் கீறல் விட்டுவிடும்.

என் அம்மா முப்பது வருஷம் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால்மரப் பலகையில் ஸ்டேண்ட் செய்யப்போகிறேன் என்றால், ‘அது அடுப்புக்குத்தான் ஆகும்’ என்று சிரிக்கிறார். உண்மையா?
– வாசகி, லாபு

அம்மா கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். இருபத்தைந்து, முப்பது வருஷம் பால் கொடுத்துக் களைத்த கித்தா மரங்களை மறுநடவுக்காகச் சாய்த்தபோது, அந்த மரம் போய்ச் சேர்ந்த இடங்கள் அடுப்பும் தோட்டத்துப் புகைக்கூடமும் செங்கல் சூளையும்தான். பிறையில் 1960களில் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை, தன் ஊதுலைக்கே பால்மரக் கரியைப் பயன்படுத்தியது. அவ்வளவு நல்ல மரம் அவ்வளவு காலமும் எரிந்துகொண்டிருந்தது!

மரம் பலமில்லாதது என்பதால் எரிக்கவில்லை. ஈரப் பால்மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏராளம். அறுத்து ஓரிரு நாள் போட்டு வைத்தாலே பூஞ்சை ஏறி நீலம் பாயும். பிறகு வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் இந்தத் தொல்லை இல்லை. கெப்போங் வன ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் நடந்த ஆராய்ச்சிகளால் இந்தப் பக்குவம் கைவந்தது. 1970களின் கடைசியிலிருந்து பால்மரம் நாற்காலியாகவும் கட்டிலாகவும் கப்பல் ஏறியது. இன்று மூவாரில் அத்தனை தளவாடத் தொழிற்சாலைகள் நிற்பதற்கு இந்த மரம் ஒரு முக்கியக் காரணம். உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கே மரம் போதவில்லை என்று, 2017இல் அரசாங்கம் அறுத்த பால்மரத்தின் ஏற்றுமதியையே நிறுத்தியது.

உலர்ந்த பால்மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ இருக்கும். நடுத்தரக் கனம், நல்ல பிடிமானம், இழைப்புளிக்கு இணங்கும். உங்கள் தொட்டியைத் தாராளமாகத் தாங்கும்.

ஒரே ஒரு பலவீனம், அதுவும் மீன்தொட்டிக்காரருக்கு முக்கியமானது. போரான் உப்பு தண்ணீரில் கரையும். ஸ்டேண்ட் அடிக்கடி நனைந்தால் மரத்துக்குள் இருக்கும் மருந்து கசிந்து போய்விடும். பிறகு பூஞ்சைக்கும் கறையானுக்கும் கதவு திறந்த மாதிரி. ஆகவே ஆறு பக்கமும் பூச்சு வேண்டும். பலகையின் வெட்டுமுனைதான் அதிகம் உறிஞ்சும், அங்கே மூன்று கோட் பாலியூரித்தேன் அடியுங்கள். கால்களின் அடிப்பாகத்தையும் விடாதீர்கள். ரப்பர் துண்டு ஒட்டித் தரையிலிருந்து சற்றுத் தூக்கி வையுங்கள். சிறு துண்டுகளைக் கோத்து ஒட்டிய பலகை வாங்கினால், பசை ஈரம் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். அதை மேல்தளத்துக்கும் கதவுக்கும் வைத்துக்கொண்டு, கால்களுக்கு முழுக்கட்டை போடுங்கள்.

வேலை முடிந்ததும் அம்மாவை அதன் மேல் உட்காரச் சொல்லுங்கள். முப்பது வருஷம் அவர் விடியற்காலையில் எழுந்து பார்த்துக்கொண்ட மரம் அது. வரவேற்பறையில் இடம் பெறுவதற்கு அதற்கு முழு உரிமை இருக்கிறது.

செங்கால் மரத்தில் செய்தால் தலைமுறைக்கும் நிற்குமாமே?
– வாசகர், கோலப்பிலா

நிற்கும். ஆனால் செங்கால் பாலத்துக்கும் படகுக்கும் போகிற மரம். வீட்டுக்குள் நான்கு கால் போட அவ்வளவு விலை கொடுக்க வேண்டாம். பழைய வீடு இடித்த செங்கால் கட்டை கையில் இருந்தால் மட்டும் விடாதீர்கள். முதலில் துளை போட்டுப் பிறகு திருகாணி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் திருகாணி முறியும்.

2025 ஆகஸ்டில் செகாமட்டில் நிலம் அதிர்ந்ததிலிருந்து தொட்டியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கெமாஸ்

பயம் நியாயமானது. ஆகஸ்ட் 24 காலையில் வந்த அந்த 4.1 அதிர்வை நம் நெகிரி செம்பிலானிலும் உணர்ந்தார்கள். நேரே இறங்கும் கனத்தை நான்கு கால் தாங்கிவிடும். பக்கவாட்டில் தள்ளினால்தான் ஸ்டேண்ட் சாய்சதுரமாகி மடங்கும். அதற்கு நிலநடுக்கமே தேவையில்லை, ஓடிவரும் பேரப்பிள்ளையின் தோள் போதும். முதுகுப்பக்கம் முழுவதையும் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையால் மூடிப் பசையிட்டு, ஒரு சாணுக்கு ஒன்றாகத் திருகாணி போடுங்கள். இரண்டு பக்கங்களையும் அப்படியே மூடுங்கள். முன்பக்கம் கதவுக்காகத் திறந்திருக்கலாம். தொட்டி ஏறுவதற்கு முன் ஸ்டேண்டின் மேல்மூலையைப் பிடித்து வலுவாக உலுக்கிப் பாருங்கள். முனகினால் இன்னும் வேலை பாக்கி.

எங்களுடையது தோட்டத்துப் பழைய வீடு, தூணின் மேல் பலகைத் தரை. நான்கடித் தொட்டி வைக்கலாமா?
– வாசகர், போர்ட்டிக்சன் வட்டாரம்

மனசு வராமல்தான் சொல்கிறேன்: வேண்டாம். குடியிருப்புத் தளங்களை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்கே கணக்கிடுவார்கள். உங்கள் தொட்டி அதைப்போல ஐந்து மடங்கு இறக்கும். வயதான பலகையும், கண்ணுக்குத் தெரியாமல் கறையான் அரித்த உத்தரமும் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. இரண்டடித் தொட்டி வையுங்கள், உத்தரங்களுக்குக் குறுக்காக, சுவரோரமாக. பெரிய தொட்டிதான் வேண்டும் என்றால் சிமெண்டுத் தரை போட்ட சமையலறைப் பக்கம் இடம் பாருங்கள். மாடி வீட்டுக்காரர்களுக்கும் இதே பதில்தான். ஆறடித் தொட்டிக்கு ஆசைப்படுமுன் ஒரு பொறியாளரைக் கேளுங்கள்.

தொட்டிக்கு அடியில் வெள்ளை நுரைத்தகடு வைக்க வேண்டுமா? ஒருவர் வை என்கிறார், ஒருவர் வைக்காதே என்கிறார்.
– வாசகர், மந்தின்

இருவரும் சரி. அடிக்கண்ணாடி நேரடியாகப் பலகையில் உட்காரும் தொட்டி என்றால் வையுங்கள், சின்ன மேடுபள்ளத்தை அது விழுங்கிக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டி என்றால் வைக்காதீர்கள். அதன் கண்ணாடி அந்தரத்தில் நிற்கும்படி செய்தது, நுரை கீழிருந்து தள்ளினால் விரிசல்தான்.

தரை சற்றுச் சரிவு. காகிதம் மடித்துக் காலடியில் வைக்கலாமா?
– வாசகி, சிரம்பான்

கூடாது, ஈரத்தில் நைந்துபோகும். கடினமான பிளாஸ்டிக் ஆப்பு வையுங்கள், தொட்டிக்கும் ஸ்டேண்டுக்கும் நடுவில் அல்ல, ஸ்டேண்டின் காலுக்கும் தரைக்கும் நடுவில். பிறகு கால்வாசித் தண்ணீர் நிரப்பி, நான்கு மூலையிலும் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர்மட்டம் வரை அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக இருந்தால் மேலே நிரப்பலாம். வேறுபட்டால் தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் ஆப்பைத் தொட வேண்டும்.

அரவானா வளர்க்க ஆசை. ஸ்டேண்டில் ஏதாவது மாற்றம் உண்டா?
– வாசகர், ரெம்பாவ்

இரண்டடிக்கு வளரும் மீன் அது. ஆறடித் தொட்டி இல்லாமல் வாங்காதீர்கள். அதன் மொத்தக் கனம் 850 கிலோவைத் தாண்டும், நடுக்கால் கட்டாயம். துள்ளும் மீனாகையால் கனமான மூடியும் வேண்டும், மூடியின் கனத்தையும் கணக்கில் சேருங்கள். ஆசிய அரவானா சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் இனம். பண்ணையில் பிறந்ததற்கான சான்றிதழும் உடம்பில் சில்லும் இல்லாத மீன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். ஸ்டேண்ட் தயாரானதும் மீனில்லாமல் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி வைத்து, தினமும் மூட்டுகளைத் தடவிப் பாருங்கள். ஈரமும் இடைவெளியும் இல்லாவிட்டால் மீன்கடைக்குக் கிளம்பலாம்.