குதிகாலுக்கு வைத்தியம் ஆச்சு, குதிப்புக்கு?

மாப்பிள்ளை, ராக்கெட்டுக்குப் புது நரம்பு கட்டிட்டீங்களாமே! என் பொண்ணு சொன்னுச்சு. அரிசி டின் மூடியை டொக்குனு வச்சுட்டு சொன்னுச்சு, அதனால நல்லா காதுல விழுந்துச்சு. இழுவை 28 பவுண்டாம். எனக்குப் பவுண்டு கணக்கெல்லாம் ரப்பர் ஷீட்டு நிறுத்த காலத்தோட சரி. இருந்தாலும் நம்ம தாமான்ல நரம்பு கட்டுற பையன்கிட்டப் போய் விசாரிச்சேன். "28 எல்லாம் நாட்டுக்கு ஆடுறவங்க கட்டுறது அங்கிள், சும்மா ஆடுறவங்களுக்கு 23, 24 போதும்"னான். நான் விட்டுக்கொடுப்பேனா? "எங்க மாப்பிள்ளை சும்மா ஆடுறவர் இல்ல தம்பி, எட்டு மாசமா சும்மா இருந்தவர்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சுங்கை சுவா பக்கம் கோர்ட்டும் புக் பண்ணியாச்சாம். சிங்கிள்ஸாம். ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையனாம், வயசு 23னு கேள்விப்பட்டதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. உங்க வயசுல பாதிதான். பாவம், சின்னப் பையன், அரை மணி நேரத்துல களைச்சு உக்காந்துடுவான்.

குதிகால் தேறிடுச்சு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீங்க காலையில கட்டில்லேருந்து இறங்கி, சுவரைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் வந்ததை நான் பார்த்திருக்கேன். மணவறைக்கு வர்ற புதுப்பொண்ணு மாதிரி அவ்வளவு நிதானம். டாக்டர் சொன்னதை நீங்க வீட்ல எடுத்துச் சொன்னப்ப நான் பேப்பர்ல மூஞ்சியை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். குதிகால் எலும்புல ஆரம்பிச்சு விரலடி வரைக்கும் பாதத்துக்குக் கீழ ஒரு தடிச்ச பட்டை ஓடுதாம். ராத்திரி பூரா பாதம் கீழ் நோக்கித் தொங்கிக் கிடக்க, அது விறைச்சுப் போயிடும். விடிஞ்சு முதல் எட்டு வைக்கிறப்ப வெடுக்குனு இழுபடும். நாலு எட்டு நடந்தா கொஞ்சம் இளகும். அந்த இளகலை நம்பித்தானே நீங்க மூணு மாசம் யார்கிட்டயும் சொல்லாம ஆடிக்கிட்டு இருந்தீங்க?

அப்புறம் வந்தது வைத்தியத் திருவிழா. செருப்பு அலமாரி இப்போ அரை மருந்துக்கடை. ஜெல்லி மாதிரி குதிகால் மெத்தை, ராத்திரி மாட்டிக்கிட்டுப் படுக்குற பூட்ஸ், உருட்டுற பந்து, கோடாலித் தைலம், லங்காவியிலேருந்து வந்த காமாட் எண்ணெய். உங்க மாமியார் விடுவாளா? செங்கல்லைச் சுட்டு, மேல எருக்கிலையைப் பரப்பி, "மிதிங்க மாப்பிள்ளை"ன்னா. நீங்களும் மரியாதைக்கு மிதிச்சீங்க. கிளினிக் கெசிஹாதான்ல 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்தீங்க. அவங்க சொன்ன பயிற்சி ரொம்ப மலிவாத் தெரிஞ்சதால வெளியில போய் அதிர்வு மெஷின் வச்சுக்கிட்டீங்க. எக்ஸ்ரேயில குதிகால் எலும்புல முள்ளு முளைச்சிருக்குன்னு தெரிஞ்சதும், அதைக் கல்யாண வீட்டுல பட்டம் வாங்கின மாதிரி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள்ளு இருக்குமாம் மாப்பிள்ளை. எனக்கும் இருக்கலாம். நான் எக்ஸ்ரே எடுக்கல, அவ்வளவுதான்.

"நீங்கள்லாம் வெறுங்கால்ல தோட்டத்துல நடந்தவங்க மாமா, அதான் உங்களுக்கெல்லாம் வரல"ன்னு ஒரு நாள் சொன்னீங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. காஜாங் பக்கம் இஞ்ச் கென்னத் தோட்டத்துல கிண்டர்ஸ்லி அண்ணன் தம்பிங்க 1890களிலேயே ரப்பர் போட்டவங்க; அந்தக் காலத்துலேருந்து நம்ம ஆளுங்க விடியுறதுக்கு முன்ன பெரட்டுக்கு நின்னு, மேடும் பள்ளமுமா மரத்துக்கு மரம் ஏறி இறங்கினவங்கதான். யாருக்கும் குதிகால் வலிக்கலையா? வலிச்சுச்சு. தோட்டத்து டிரெஸ்ஸர்கிட்டப் போனா காய்ச்சலுக்கும் கால் வலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணிதான். எம்சி கிடைக்காது, பேர் வெட்டினா சம்பளம் கிடைக்காது. நொண்டிக்கிட்டே போய் மரம் வெட்டினோம். நீங்க அதை வீரம்னு நினைச்சுட்டீங்க.

உங்க காலைத் தேத்தினது எதுன்னு நினைக்கிறீங்க? மெஷின்னு நீங்க சொல்வீங்க, செங்கல்னு உங்க மாமியார் சொல்வா. எனக்கென்னவோ அந்தத் துண்டு மேலதான் சந்தேகம். படிக்கட்டு ஓரத்துல நின்னு, விரலுக்கு அடியில சுருட்டின துண்டை வச்சு, மூணு எண்ணி குதிகாலைத் தூக்கி, ரெண்டு எண்ணி நிறுத்தி, மூணு எண்ணி இறக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், என் பொண்ணு பக்கத்துல நின்னு எண்ண எண்ண செஞ்சீங்களே, அது. அது டென்மார்க்காரங்க சோதிச்சுப் பார்த்த வித்தையாம், 2015ல வெளியான ஆய்வு. பூப்பந்து ஆடியே கால் தேயுற நாடு அது, அவங்களுக்குத் தெரியாதா? மூணு மாசத்துல இந்தத் துண்டுக்காரங்க, வெறுமனே காலை இழுத்து நீட்டுன கூட்டத்தை விட நல்லா தேறியிருந்தாங்களாம். வருசம் திரும்பினப்ப ரெண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் நின்னுச்சாம். வருசம் மாப்பிள்ளை. நீங்க எட்டாம் மாசமே 28 பவுண்டு கட்டிட்டீங்க.

சரி, நான் சொன்னா கிழவன் பேச்சு. இந்தியாவுக்கு ஆடுற பூப்பந்து வீராங்கனை சிந்து கதையைக் கேளுங்க. 2022 ஆகஸ்டுல பர்மிங்ஹாம்ல காமன்வெல்த் போட்டி. நம்ம மலேசியாப் பொண்ணு கோ ஜின் வெய் கூட காலிறுதி ஆடுறப்பவே காலு நோவுன்னு தெரிஞ்சுடுச்சு. அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டே மேல ஆடி, இறுதியில கனடாப் பொண்ணு மிஷெல் லீயை ரெண்டே செட்டுல அடிச்சு தங்கம் வாங்குச்சு. அதே ஆகஸ்டு 8ஆம் தேதிதான் நம்ம கிள்ளான் பொண்ணு தீனாவும் பெர்லி டானும் இரட்டையர்ல தங்கம் எடுத்தாங்க. நம்ம வீட்ல ஆஸ்ட்ரோ முன்னால நின்னு நீங்க கத்தின கத்துல பக்கத்து வீட்டு நாய் குலைச்சுச்சு. ஊர் திரும்பி ஸ்கேன் எடுத்துப் பார்த்தா சிந்துவோட இடது பாதத்து எலும்புல விரிசல். அந்த மாசமே தோக்கியோவுல நடந்த உலகப் போட்டி போச்சு. வருசக் கடைசி வரைக்கும் ஆட்டமே இல்ல.

திரும்ப வந்தது எங்க தெரியுமா? நம்ம புக்கிட் ஜாலில்ல, 2023 ஜனவரி, மலேசியப் பொதுப் பூப்பந்து. நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போனீங்க, காஜாங்ல எம்ஆர்டி ஏறி மெர்டேக்காவுல மாறி. முதல் சுற்றுலேயே ஸ்பெயின் நாட்டு மாரின்கிட்டத் தோத்துச்சு. அந்த மாரினும் லேசுப்பட்ட ஆளில்ல, ரெண்டு முட்டியிலயும் நரம்பு அறுந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டுத் திரும்பி வந்தவ. பாதம் ஒட்டி வந்தவளும் முட்டி ஒட்டி வந்தவளும் மூணு செட்டு மல்லுக்கட்டினாங்க, நீங்க அதைப் பார்க்காம கச்சாங் வாங்கப் போயிட்டீங்க.

அங்கதான் விசயமே இருக்கு. சிந்துவுக்கு 2 ஒலிம்பிக் பதக்கம், 2019 உலகப் பட்டம். கூடவே பயிற்சியாளர், பிசியோ, ஐஸ் தொட்டி. அஞ்சு மாசத்துல எலும்பு ஒட்டிடுச்சு. ஆட்டம் ஒட்டுறதுக்கு? 2023 மே மாசம் மலேசிய மாஸ்டர்ஸ்ல அரையிறுதி. அடுத்த வருசம் அதே போட்டியில இறுதி வரைக்கும் வந்து சீனாவோட வாங் ஸிஈகிட்டத் தோல்வி. அடுத்த டூர் பட்டம் 2024 டிசம்பர்ல, லக்னோவுலதான். ரெண்டு வருசத்துக்கு மேல. நடுவுல முட்டி வேற படுத்துச்சு. இதையெல்லாம் பார்த்துட்டு, நீங்க ஒரு சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன்னு சொல்றீங்களே, உங்க தைரியத்துக்கு நான் தலை வணங்குறேன்.

எனக்கு ஒரு கணக்குத் தோணுது. பூப்பந்து கோர்ட்டு நீளம் 44 அடி. சிங்கிள்ஸ்ல அகலம் 17, டபுள்ஸ்ல 20. உங்க பக்கத்துப் பாதியைப் பெருக்கிப் பாருங்க. ஒத்தையில ஆடினா 374 சதுர அடியை நீங்க ஒருத்தரே கட்டி மேய்க்கணும். ரெண்டு பேர் ஆடினா ஆளுக்கு 220. அதுலயும் நெட்டுக்கு முன்னால நிக்கிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டா இன்னும் கொஞ்சம் குறையும். நீங்க வலது கைக்காரர். நெட்டோரம் விழுற பந்துக்கு வலது காலைத்தான் எட்டி ஊன்றீங்க, தரையில முதல்ல படுறது குதிகால். நோவு வந்ததும் அதே குதிகால். இது தற்செயல் இல்ல. அந்த 23 வயசுப் பையனுக்கு இது தெரியாதுன்னு நினைக்காதீங்க. உங்களை முன்ன இழுத்துப் பின்ன தள்ளுறதைத் தவிர அவனுக்கு வேற வேலையே இருக்காது. பின்னால தவ்வி அடிச்சு இடது காலை ஊன்றப்ப ஆடுசதை நரம்பு பட்டுனு போனவங்க கதை மண்டபத்துக்கு ஒண்ணு இருக்கு, எல்லாரும் உங்க வயசுக்காரங்க.

அந்தத் தடிமனான ஓட்ட ஷூவைப் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போகாதீங்க. மெத்து மெத்துன்னு இருக்கு, நேரா ஓட நல்லது. பக்கவாட்டுல வெட்டித் திரும்பினா கணுக்கால் மடங்கும், அப்புறம் குதிகால் வலியை மறந்துடுவீங்க. தட்டையா, அடி ரப்பர் தரையைப் பிடிக்கிற பூப்பந்து ஷூவாப் பார்த்து வாங்குங்க. சிமிண்டுத் தரை மண்டபம் வாடகை குறைவுன்னு போகவும் வேண்டாம், மேட் போட்ட இடமாப் பாருங்க.

இன்னொண்ணு. சொல்லலாமா கூடாதான்னு யோசிச்சேன், சொல்லிடுறேன். வீட்ல இருந்த எட்டு மாசத்துல சாத்தே குச்சி கொஞ்சம் கூடிப் போச்சு. ஹாஜி சமூரி கடை நம்ம ஊருக்குப் பெருமைதான், ஆனா அந்தப் பெருமையை முழுசா நீங்க ஒருத்தரே சுமக்க வேண்டியதில்ல. எட்டி ஊன்றப்ப அத்தனை கிலோவும் அந்த ஒரே இடத்துலதான் இறங்கும்.

வலி திரும்பினா ஊசி போட்டுக்கலாம்னு யாரோ சொன்னதா காதுல விழுந்துச்சு. டென்னிஸ் ஆடுற நடால் 2022ல பாரிஸ்ல பாதத்து நரம்பை மரக்க வச்சு ஆடி 14ஆவது பிரெஞ்சுப் பட்டம் வாங்கினாரு, நிஜம். அதே மூச்சுல, இப்படித் தொடர்ந்து ஆட மாட்டேன்னு சொல்லிட்டு வேற சிகிச்சைக்குப் போனாரு. உங்களுக்குச் சொல்றது ஸ்டீராய்டு ஊசி, அது வேற. வலியைச் சில வாரம் அடக்கும். பட்டையே அறுந்து போற ஆபத்தும் உண்டு, குதிகாலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு மெத்தை கரையவும் கூடும். பிரெஞ்சுப் பட்டத்துக்குச் சரி. தாமான் போட்டியில முதல் பரிசு ஒரு ரைஸ் குக்கர் மாப்பிள்ளை, நம்ம வீட்ல ரெண்டு இருக்கு.

ஆட வேண்டாம்னு நான் சொல்லல. ஆடாம வீட்ல இருந்தீங்கன்னா நீங்க எப்படி இருப்பீங்கன்னு எட்டு மாசம் பார்த்தாச்சு, என் பொண்ணு பொறுமையும் பார்த்தாச்சு. முதல்ல நெட்டே இல்லாம ராக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு மூலைக்கு மூலை காலை வச்சுப் பழகுங்க. அப்புறம் பாதிக் கோர்ட்டு. அப்புறம் டபுள்ஸ், ஒரு செட்டு. அன்னிக்கு ராத்திரி வலி இல்லைன்னு குதிக்காதீங்க. ஆட்டச் சூட்டுல எதுவும் தெரியாது. மறுநாள் விடிஞ்சதும் கட்டில்லயே உக்காந்து விரலைப் பின்னால இழுத்துப் பிடிச்சு பத்து எண்ணுங்க, பத்து தடவை. அப்புறம் காலைக் கீழ வையுங்க. அந்த முதல் எட்டு முந்தின நாளை விட மோசமில்லைன்னா அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். மோசம்னா குறைக்கணும். பாத்ரூம் வரைக்கும் சுவரைப் பிடிக்கிறீங்களா இல்லையான்னு பார்த்துச் சொல்ல நான் இருக்கேன், காலையில எனக்கு வேற வேலை இல்ல.

அந்தச் சனிக்கிழமைப் பையன்கிட்ட, மாமனாருக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க. என் பேரைத் தாராளமா எடுத்துக்கலாம். ஞாயித்துக்கிழமை காலையில பாலாய் ராயா மண்டபத்துல நாங்க கிழவனுங்க ஆடுறோம். பாக்சிக்குக்கு முட்டி, கடைசி வீட்டு ஆ பெக்குக்குத் தோள், எனக்கு இடுப்பு. குதிகாலுக்குத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு. ஸ்மேஷ் அடிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு, ஆனா ஆ பெக் நெட்டோரம் வைக்கிற டிராப்பை நீங்க ஒரு தடவை எடுத்துட்டா நான் 28 பவுண்டை ஒத்துக்கிறேன். தோத்த ஜோடிதான் மாமாக் கடையில எல்லாருக்கும் தே தாரேக்கும் ரொட்டி சானாயும் வாங்கித் தரணும். நீங்களும் பாக்சிக்கும் ஒரு பக்கம், நானும் ஆ பெக்கும் ஒரு பக்கம். பர்ஸை மறந்துடாதீங்க.