பத்தாம்பசலிக்கு ஓர் ஆட்சேபணை

சித்தூர்ப் பக்கம் பழைய கர்ணம் யாரிடமும் அவசரத்தில் தேதி கேட்கக் கூடாது. இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, தெலுங்குக்காரர்களின் திதி, நட்சத்திரம், கடைசியாகப் பசலி என்று எல்லாம் வந்து சேர்வதற்குள் திருப்பதி பஸ் கிளம்பிப் போயிருக்கும்.

கர்ணம் என்றால் கிராமக் கணக்கு எழுதியவர். அந்த உத்தியோகம் போய்ப் பல வருஷமாகியும் அதை விடாத தாத்தாக்கள் இன்று ஊருக்கு ஒருவர் தேறினால் அதிகம். வயது எண்பதை ஒட்டி இருக்கும். சட்டைப்பையில் மைப்பேனா, அந்தப் பையின் அடியில் நீல வட்டம். பால் கணக்கு நோட்டைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும். இடதுபுறம் ஓரம் மடித்து, கோடு போட்டு, முதல் நாள் ‘பசும்பால் அரை லிட்டர்’ என்றும், அடுத்த நாளிலிருந்து மாதக் கடைசிவரை ‘மேற்படி’ என்றும் எழுதியிருப்பார். பால் வராத நாளுக்கு ‘தரிசு’.

இப்படிப்பட்டவருக்கு ஊரில் பெயர்களுக்கா பஞ்சம்? அதுவும் இரண்டு பாஷை புழங்கும் ஊர். வீட்டுக்காரம்மா வைத்த பெயர் பழம்பஞ்சாங்கம். மளிகைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே ‘கர்ணம்காரு’ என்பார், அவர் படியிறங்கியதும் ‘சாதஸ்தம்’ என்பார். எதிர்வீட்டு ரெட்டியம்மா ‘பாத சிந்தகாய பச்சடி’ என்று வாய்விட்டே சொல்வாள். பழைய புளியங்காய்த் தொக்காம். தாத்தாவுக்கு அதில் வருத்தமே இல்லை. “பழசானாத்தாம்மா அதுக்கு ருசி. காய்ச்சல் வந்து எழுந்தவனுக்கு எதைப் போடுவீங்க, புதுசையா?” என்று கேட்டு, ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டும் வந்துவிடுவார்.

சுத்தக் கர்நாடகம் என்றாலும் கோபம் வராது. “ஆற்காட்டு நவாப் ஆண்ட காலத்துல இந்தச் சீமைக்கே கர்நாடகம்னுதான் பேரு. நான் வேற எப்படி இருப்பேன்?”

பத்தாம்பசலி என்றால்தான் வரும் வினை. வசவு என்பதற்காக அல்ல, கணக்கு தப்பு என்பதற்காக.

“2025 ஜூலை 1-ஆம் தேதி பிறந்தது 1435-ஆம் பசலி. பத்தாம் பசலின்னா கி.பி. 600. மகேந்திரவர்மன் சமாசாரம். அதுவும் போகட்டும், பசலியே அக்பர் பாதுஷா ஏற்படுத்தின கணக்கு. தொடங்கும்போதே 963-ன்னு தொடங்கினது. அப்புறம் பத்தாம் பசலி எங்கேர்ந்து வந்துச்சு? அந்த வருஷத்துக்கு அடங்கல் எழுதின கர்ணம் எவன்? கூட்டிக்கிட்டு வா, பாக்கலாம்!”

திட்டியவர் மன்னிப்புக் கேட்டால் போதாது, திருத்தம் செய்ய வேண்டும்.

சினிமா என்ற பேச்சை இவரிடம் எடுக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது. பரம்பரையாக வந்த கர்ணம் வேலையைத் தமிழ்நாட்டில் 1980-இல் ஒழித்தவர் எம்.ஜி.ஆர். எல்லைக்கு இந்தப் பக்கம் 1984-இல் ஒழித்தவர் என்.டி.ராமாராவ். “ரெண்டு பேரும் வேஷம் கட்டினவங்க! ஒருத்தர் வாள்சண்டை, ஒருத்தர் கிருஷ்ண பரமாத்மா. நடுவுல நாங்க என்ன பாவம் பண்ணினோம்?” அன்றிலிருந்து அவர் மதிக்கும் ஒரே நடிகர் சித்தூர் நாகையா. நாகையா எந்த உத்தியோகத்திலும் கை வைக்கவில்லை.

எனக்குத் தோன்றுவது, இவருடைய பழமை கொள்கை சம்பந்தப்பட்டதே அல்ல. பதிவேட்டில் ஏறியதை வெறும் வாய்வார்த்தைக்கு அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஜில்லா விஷயத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் ஜில்லா பிறந்தது 1911 ஏப்ரல் 1. திருத்தணி அதிலிருந்து சென்னை ராஜ்யத்துக்குப் போனது 1960 ஏப்ரல் 1. திருப்பதி தனி ஜில்லா ஆனது 2022 ஏப்ரல் 4. “ஏப்ரல் பொறந்தாலே ஜில்லாவுக்குக் கண்டம்” என்பார். ம.பொ.சி. திருப்பதியைக் கேட்டுத் திருத்தணி வரை வாங்கித் தந்தார் என்று எல்லோரும் பேசும்போது தாத்தா பேசாமல் இருப்பார். அவர் கணக்கில் இரண்டும் இன்னும் சித்தூர் ஜில்லாதான். திருப்பதியில் இருக்கும் மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பினால் விலாசத்தின் கீழே ‘சித்தூர் ஜில்லா’ என்று எழுதி அடிக்கோடும் போடுவார்.

திருமலைக்கு பஸ் ஏறும் இரண்டாவது மலைப்பாதை 1974-இல் வந்தது. இவருக்கு அது ‘புது ரோடு’. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பழகிவிடும் என்கிறார்.

அதற்காக எல்லாப் புதுசையும் தள்ளுகிறார் என்று நினைக்கக் கூடாது. முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட் ஆன்லைனில் திறக்கிற நாளில் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு முதலில் உட்காருகிறவர் இவர்தான். டிக்கெட் கிடைத்ததும் பேரனைக் கூப்பிட்டு, “நைனா, அலிபிரியிலேர்ந்து 3,550 படியும் ஏறித்தான் போகணும்” என்பார். இவர் மட்டும் புது ரோட்டில் பஸ்ஸில் போவார். பேரன் வழியில் விழுந்து கை பிசகிவந்தால் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார், புத்தூர்க் கட்டும் போடச் சொல்வார். இரண்டு சாட்சி இருந்தால் கேஸ் பலமாம்.

வீட்டு வழக்குகளுக்குச் சாட்சி தேவையில்லை. காணிப்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. குளத்தில் முழுகிவிட்டு வரசித்தி விநாயகர் முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது என்பது ஊர் நம்பிக்கை. தாத்தா அந்த அதிகாரத்தை அதிரசத்துக்கும் பயன்படுத்துவார். டப்பாவில் ரெண்டு குறைந்தால், “சரி, எல்லாரும் காணிப்பாக்கம் கிளம்புங்க.” ஒருமுறை மருமகள் நிஜமாகவே ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். “மாமா, முதல்ல நீங்க ஏறுங்க” என்றதும், சங்கடஹர சதுர்த்திக்குப் போகலாம் என்று வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

கல்லூரிக்குப் போகும் பேரன் இப்போது அவரை ‘பூமர்’ என்கிறான். தாத்தா அர்த்தம் விசாரித்து, நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டுக்கொண்டார். ஏழாவது படிக்கும் பேத்தி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“அண்ணா, பூமர்னு இப்ப யாரு சொல்றாங்க? அது பழசு.”

தாத்தா பேனா மூடியைத் திருகியபடியே நிமிர்ந்தார். “அப்படியா தாயீ? எந்தப் பசலியிலேர்ந்து ரத்து?”