வால்வு ரேடியோவைத் தட்டுதல்: ஓர் ஆய்வு

பாடாத வால்வு ரேடியோவின் தலையில் ஓங்கித் தட்டினால் பாடும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் கொள்கை. 1904இல் ஃபிளெமிங் வால்வைக் கண்டார்; 1906இல் லீ டி ஃபாரஸ்ட் அதற்கு மூன்றாவது முனையைச் சேர்த்தார். தட்டைக் கண்டவர் மட்டும் பெயரில்லாமலே போனார். 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி ரேடியோ வைத்திருக்க ஒரு காலத்தில் லைசென்ஸ் வேண்டியிருந்தது. தபாலாபீசில் பணம் கட்டிப் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. தட்டுவதற்கு லைசென்ஸ் கேட்டவர் இல்லை. இவ்வலட்சியத்தைக் களைவதே நம் நோக்கம்.

தட்டு மூவகைப்படும். உள்ளங்கைத் தட்டு குடும்பத் தலைவருக்கு உரியது. மரப்பெட்டியின் மேல்பலகையில் விழும். மாநிலச் செய்திகளுக்கு நேரம் நெருங்க நெருங்க வலுக்கும். சுண்டு தட்டு, டயல் கயிறு வழுக்கி முள் நகராதபோது கண்ணாடியில் விழுவது. பென்சில் தட்டு மெக்கானிக்குடையது. எரிந்துகொண்டிருக்கும் வால்வுகளை ஒவ்வொன்றாகப் பென்சிலின் மரமுனையால் தொடுவார். எதைத் தொட்டதும் ஸ்பீக்கர் கரகரக்கிறதோ அங்கேதான் கோளாறு. அப்போது அவருடைய இடது கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கும். அது மிடுக்கன்று. உள்ளே 250 வோல்ட் ஓடுகிறது. இரு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.

தட்டினால் பாடுவது ஏன் எனின், வால்வு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். பல்லாண்டு இப்படியே போனால் சாக்கெட் தளரும், பின்களில் களிம்பேறும், பற்றவைத்த ஈயம் விரிசல் விடும். தட்டின் அதிர்வில், விட்டுப்போன உறவு சற்றே ஒட்டிக்கொள்கிறது.

எல்லா நோய்க்கும் இது மருந்தாகுமோ எனின், ஆகாது. ஃபில்டர் கண்டென்சர் காய்ந்து உறுமும் செட் எவ்வளவு தட்டினாலும் உறுமும். கப்ளிங் கண்டென்சர் கசிந்தால் அவுட்புட் வால்வு கொதித்தே சாகும். அங்கே தட்டுவது, காய்ச்சல்காரனைக் கன்னத்தில் அறைவது போன்றது.

இனிக் கள ஆய்வு. பழைய இரும்புக் கடையில் வாங்கிய செட் ஒன்றின் குமிழைத் திருப்பினேன். டயல் விளக்கு எரிந்தது. அரை நிமிடத்தில் சூடேறிய தூசி வாசம் வந்தது. டியூனிங் காட்டும் மேஜிக் ஐ பச்சையாக விழித்தது. சத்தம் மட்டும் இல்லை. தட்டினேன், திருச்சி நிலையத்தின் நாகசுரம் நடு ஆலாபனையில் குதித்தது. பதினோரு நாள் தட்டிக் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் சாக்கெட்டைத் துடைத்து ஈயம் வைத்தேன். அன்று முதல் தானாகவே பாடுகிறது. எனக்குத்தான் கை நமநமத்தது. அந்த வாரமே இரண்டாவது செட் வந்தது.

இப்போது வீட்டில் ஏழு. ஆறு தட்டாமல் பாடுகின்றன. ஊரார் ரேடியோ சேகரிப்பு என்கிறார்கள். நான் சேகரிப்பது பழுதுகளை. ஏழாவதையும் சீக்கிரம் சரிசெய்யச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள். செய்தால் எட்டாவது வந்துவிடும் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?